ராகி அறையின் கதவு

எர்ரகுட்டை கிராமத்தில் திம்மராயன் வீட்டு ராகி அறையின் மரக்கதவு, ஆவணி பதினோராம் தேதி தொடங்கிப் புரட்டாசி முதல் வாரத்துக்குள் கல்லாகிச் சுவரோடு சேர்ந்து மூடிக்கொண்டது. அப்போது அறைக்குள் அவருடைய மகள் சௌமியா இருந்தாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு. கதவு மூட ஆரம்பித்த வாரத்தில் தக்காளி ஒரு பெட்டி நூற்றெண்பதுக்குப் போனது. மழை இல்லை. குருபரப்பள்ளியிலிருந்து எர்ரகுட்டைக்கு வரும் மினி பஸ் இரண்டு நாள் ஓடவில்லை.

சௌமியா ஓசூர்ப் பக்கம் செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாக வேலை செய்தாள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கி, வார விடுமுறைக்கு ஊருக்கு வருவாள். அவள் வேலை செய்த பகுதிக்குள் தூசி போகக் கூடாது. சாதாரணக் காகிதம்கூட நார் உதிர்க்கும் என்பதால் அங்கே எழுதுவதற்கென்றே நீல நிறத்தில் வழவழப்பான ஒரு தாள் வைத்திருந்தார்கள். ஓரம் மடங்கிப்போன தாள்களைக் கழித்துவிடுவார்கள். அவற்றை அவள் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவளுடைய அம்மா பூவம்மாள் அந்தத் தாளை டப்பாக்களுக்கு அடியில் விரிப்பாள், அதில் கறிவேப்பிலை மடிப்பாள், பக்கத்து வீடுகளுக்கு வடை வைத்துக் கொடுத்தனுப்புவாள். நனைந்தாலும் கிழியாத நீலத் தாள் என்றால் அது திம்மராயன் வீட்டுத் தாள் என்று எர்ரகுட்டையில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரியாது.

ஆடி மாதம் நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஐம்பது பேர் ஏழு நாள் முகாமுக்கு வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். முதல் மூன்று நாள் குட்டையைச் சுத்தம் செய்தார்கள். நான்காம் நாள் ஆணும் பெண்ணும் சமம் என்று தெருநாடகம் போட்டார்கள். அதில் மீசை வரைந்துகொண்ட ஒருத்தி கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு காபி கேட்டாள். புடவை கட்டிய பையன் ஒருவன் கூட்டிப் பெருக்கி, கஞ்சி காய்ச்சி, குழந்தைக்குக் கால் கழுவிவிட்டான். "டேய், வெளக்கமாத்த இப்பிடிப் புடிச்சா எங்க மாமியா உன்ன அன்னிக்கே தொரத்தி இருப்பா" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தாம் நாள், ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் திருநங்கைகளும் நம் வீடுகளிலேயே பிறக்கிறவர்கள்தான் என்று பேசினார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போனார்கள். மீதிப் பேர் கேட்டார்கள். சந்தேகம் இருந்தால் பெயர் எழுதாமல் கேட்கலாம் என்று, பரிசுத்தாள் ஒட்டிய மிக்ஸிப் பெட்டி ஒன்றைப் பள்ளிக்கூட வாசலில் வைத்தார்கள்.

பெட்டியில் இருபத்தேழு சீட்டுகள் விழுந்தன. முகாமை நடத்திய பேராசிரியர் எபினேசர், எந்தச் சீட்டையும் அப்படியே மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது, எல்லாவற்றையும் ஒரே நோட்டில் ஒரே கையெழுத்தில் எழுதிக்கொண்டுதான் படிக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார். அந்த வேலை இரண்டாம் ஆண்டு மாணவி ஃபெபாவுடையது. நிறைவு நாளன்று கோலப்போட்டிக்குப் பரிசு கொடுப்பதில் தகராறு வந்து, அதைத் தீர்ப்பதிலேயே மூன்று மணி ஆகிவிட்டது. ஃபெபா எழுதவில்லை. பெட்டியோடு மேடை ஏறினாள். பத்தொன்பது சீட்டுகள் மினி பஸ் பற்றியவை. இருபதாவது நீல நிறமாக இருந்தது. 'நான் பெண். என்னோடு வேலை செய்யும் பெண்ணை விரும்புகிறேன். இது நோயா?' என்று எழுதியிருந்தது. ஃபெபா அதை மைக்கில் படித்தாள். பிறகு, கேட்டவருக்குத் தைரியம் வர வேண்டும் என்று நினைத்து, சீட்டைத் தலைக்கு மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். "பாருங்க, பேரு இல்ல. யாருன்னு யாருக்கும் தெரியாது. எவ்ளோ தைரியமா கேட்டிருக்காங்க, கைதட்டுங்க. இது நோய் இல்ல."

பதில் சரியானது. இன்றுவரை அதில் தவறு இருப்பதாக யாரும் சொல்லவில்லை. மாணவர்கள் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் திரும்பித் திம்மராயனைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்று சாயங்காலமே, விடுமுறைக்கு வந்திருந்த சௌமியாவின் போனை வாங்கி உரல் குழியில் போட்டு இடித்து, அவளை ராகி அறையில் வைத்துப் பூட்டினார். மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று கம்பெனிக்குச் சொன்னார். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளைப் போல அதுவும் கல்பலகைகளை நிறுத்திக் கட்டிய வீடு. கூரையும் கல். அறைக்குப் பின்பக்கம், மாடு கட்டும் இடத்தைப் பார்த்து, காற்றுக்காக ஒரு சாண் அளவுக்கு ஓட்டை இருந்தது. ஆவணி பதினொன்றில் பூவம்மாள் களி கொடுக்கப் போனபோது சாவி உள்ளே நுழையவில்லை. பூட்டின் துளை தூர்ந்து, விரலுக்குச் சில்லென்று கல்லாக இருந்தது. கதவின் மேல்பக்கத்துச் சந்து வழியாகக் களியைக் கொடுத்தாள். நான்கு நாளில் சந்து குறுகிவிட்டதால் களியைத் தட்டையாகத் தட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு தோசைக் கனத்துக்கு. கடைசியில் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் ஒரு முழம் வெட்டி, அதேபோல் குறுகிக்கொண்டு வந்த பின்பக்கத்து ஓட்டையில் செருகி, கூழை ஊற்றினாள். கதவின் மரத்தில் ஓடிய ரேகைகள் அப்படியே இருந்தன. நிறம் மட்டும் சாம்பலாகிக்கொண்டு வந்தது. திம்மராயன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் பூட்டு தேவையில்லை என்றார்.

ஃபெபாவுக்கு இந்தச் செய்தி குருபரப்பள்ளி டீக்கடை வழியாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த சனிக்கிழமை அவள் வந்து, மாட்டுக்குப் பின்னால் நின்று ஓட்டையில் கூப்பிட்டாள்.

"யாரது?"

"அக்கா, நான் ஃபெபா. கேம்ப்ல மைக்ல பேசின பொண்ணு."

"ஓ, நீதானா. நல்லாத்தான் பேசின. பேப்பர ஏம்மே தூக்கிக் காட்டின?"

ஃபெபா ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அழுவாத. அங்க நின்னு அழுதா மாடு மிரளும். அப்புறம் எங்கப்பன் வந்துருவான்" என்றாள் சௌமியா. "எங்க ஹாஸ்டல்ல டெல்பினுக்கு மட்டும் சொல்லிரு. நான் வேலய உட்டுட்டு ஓடிட்டேன்னு நெனச்சிக்கினு இருப்பா."

கதவு முழுக்க மூடுவதற்குள் சௌமியாவை வெளியே கொண்டுவர வேண்டும். அதன் பிறகு ஃபெபாவுக்கு வேறு நினைப்பு இல்லாமல் போயிற்று. கதவு பாதி மரமாக இருந்த நாட்களில் ஒரு கடப்பாரை போதுமாக இருந்திருக்கும். அவள் எபினேசரிடம் சொன்னாள். அவர் கல்லூரி முதல்வருக்கு எழுதினார். முதல்வர், கல்லூரி தலையிட்டால் அடுத்த வருடம் எந்த ஊரும் முகாமுக்கு இடம் தராது என்றும், ஆலோசித்துச் சொல்வதாகவும் பதில் எழுதினார். அவர் ஆலோசித்துக்கொண்டிருந்த மூன்று வாரத்தில் கதவின் கீழ்ப்பாதி சுவரானது. ஃபெபா பெண்கள் உதவி எண்ணுக்குத் தானே போன் செய்தாள். புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு பெண் அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும் ஃபெபாவைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்தார்கள். அதற்குள் கதவு முழுவதும் சுவராகியிருந்தது.

திம்மராயன் அவர்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். வீட்டைச் சுற்றிக் காட்டினார். அதிகாரி பூட்டிய அறை எங்கே என்று கேட்டார்.

"நான் எங்கீங்க மேடம் பூட்டுனேன்? அதுவா மூடிக்கிச்சு."

அதிகாரி சுவரில் தட்டினார். "நான் இங்கதான் இருக்கறேன் மேடம்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அதிகாரி பெயரும் வயதும் கேட்டுக் குறித்துக்கொண்டார். விருப்பப்பட்டு இருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்று சத்தம் சொன்னது. அதையும் குறித்துக்கொண்டார். குரல் கேட்டது, பூட்டோ தாழ்ப்பாளோ கதவோ காணப்படவில்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறும்போது ஃபெபாவின் கையைப் பிடித்து, "பூட்டு இருந்தா இப்பவே ஒடச்சிருப்பேன் பாப்பா. செவுரு இடிக்கறது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல" என்றார். அவர் நல்லவர். அதற்குப் பிறகும் இரண்டு முறை போன் செய்து விசாரித்தார்.

டெல்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். சௌமியாவுக்கு அடுத்த மேசையில் வேலை செய்தவள். முகாம் மாணவி என்று சொல்லி மாட்டுக்கொட்டகைக்குப் போய் ஓட்டையில் வாயை வைத்தாள். "ஏட்டி, சாப்ட்டியா?" என்று கேட்டாள். ஓட்டைக்குள் ஒரு விரல் மட்டும் போனது. உள்ளேயிருந்து இன்னொரு விரல் வந்து அதைத் தொட்டது. இரண்டு பேரும் லைனில் புதிதாக வந்த சூப்பர்வைசரைப் பற்றியும் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து டெல்பின் விரலை எடுக்கப் பார்த்தபோது தோல் உரிந்தது. அதற்கடுத்த வாரம் ஓட்டை சொட்டுநீர்க் குழாயைக் கவ்விக்கொண்டது. பிறகு குழாயும் கல்லானது. தனக்குப் பசி இல்லை என்று சௌமியா சொன்னாள்.

கடைசியாகப் பூவம்மாள்தான் ஒரு முடிவுக்கு வந்தாள். திம்மராயன் தக்காளியோடு மண்டிக்குப் போன ஒரு காலையில் அவளே ஃபெபாவுக்குப் போன் செய்தாள். ஃபெபா பர்கூரிலிருந்து நாராயணப்பனை ஆட்டோவில் கூட்டிவந்தாள். அவர் முப்பது வருடம் குவாரியில் கல் உடைத்தவர். சுவரில் காதை வைத்துச் சுத்தியால் மூன்று இடத்தில் தட்டினார். முகம் மாறியது.

"உள்ள காலி இல்லம்மா. கெட்டியாச் சத்தம் வருது."

"அறை எட்டு அடிங்கண்ணா. ராகி மூட்ட பத்து அடுக்குவோம்" என்றாள் பூவம்மாள்.

அவர் டிரில் மிஷினைப் போட்டார். இரண்டடி போனது, நாலடி போனது, ஆறடி போனது. பொடி எல்லாம் ஒரே நிறமாக, நல்ல சாம்பல் கல்லின் பொடியாகவே வந்தது. இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சௌமியா உள்ளேயிருந்து வழி சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு அவள், "அண்ணா, நிறுத்துங்க" என்றாள். "எனக்கு எது கையி, எது கல்லுன்னு தெரில. நீங்க எதப் போட்டுத் தொளைக்கறீங்கன்னும் தெரில."

நாராயணப்பன் மிஷினை நிறுத்தினார். துளைக்குள் வாயால் ஊதிப் பொடியை எடுத்தார். கூலி வாங்காமல், ஆட்டோவுக்கும் காத்திருக்காமல் நெடுஞ்சாலை வரை நடந்தே போனார். பூவம்மாள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். "சும்னிரு அம்மா" என்று மகள் கன்னடத்தில் அவளை அமைதியாக இருக்கச் சொன்னாள். ஃபெபா மண்டியிட்டு, அக்கா அக்கா என்று கூப்பிட்டாள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "நீ போய்ப் பரிச்சைக்குப் படி."

திம்மராயன் திரும்பி வந்து துளைகளைப் பார்த்தார். மறுநாள் சிமெண்ட் குழைத்து அவற்றை அடைத்தார். அந்தச் சுவர் வீட்டின் மற்ற சுவர்களைவிடக் கொஞ்சம் சூடாக இருக்கும். மார்கழியில் பூனை அங்கேதான் படுக்கும். தை மாதம் வெள்ளையடித்தபோது அந்தப் பக்கம் மட்டும் சுண்ணாம்பு ஒட்டவில்லை. ரேஷன் கார்டில் சௌமியாவின் பெயர் நீக்கப்படவில்லை. டெல்பின் இப்போது யாருக்கும் பொய் சொல்லாமல் முன்வாசல் வழியாகவே வருகிறாள். மதியம் வரை சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறாள். ஊர்க்காரர் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டதற்கு, "கல்லு மேல சாயறதுல இன்னா தப்பு?" என்றார் திம்மராயன். அவருக்கு இப்போது ஆட்சேபணை எதுவும் இல்லை.

அடுத்த வருடம் முகாம் ஜூஜுவாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது. ஃபெபா மேடை ஏறமாட்டேன் என்று சொல்லி, வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கினாள். அச்சடித்த படிவத்தில் எத்தனை அறை என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்குக் கீழே எத்தனை கதவு என்று அவளே பேனாவால் ஒன்று சேர்த்துக்கொண்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஒன்பது வீட்டில் இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை. கேட்பார் இல்லாததால் சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். ஒன்பதில் முதல் வீட்டில் கெம்பம்மா என்ற பெண் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அறை மூணு, கதவு ரெண்டு" என்றாள்.

"மூணாவது அறைங்க?"

"அது பெரியவனுது. ரெண்டு வருசம் ஆச்சு." கெம்பம்மா தெருவை ஒரு முறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "ராஜ்குமார்னு எழுதிக்க. இப்பத் தூங்கறான் போல இருக்குது. சாயங்காலம் வாம்மா, பேசுவான்."

ஃபெபா பெயரை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் வந்தாள்.