மாமன் வீட்டு நிரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பென்னாகரம் இன்னாசிராஜ் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். இன்னாசிராஜ், அவர் மனைவி ரோசம்மா, மகள் பிளசி. மாரண்டஹள்ளியிலிருந்து வந்திருந்த ரோசம்மாவின் அண்ணன் விக்டர், அவர் மனைவி அருள்ராணி, மகன் ஃபிராங்க்ளின். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஜுபைதா வாசலோடு திரும்பிவிட்டார்; அவரைக் கணக்கில் சேர்ப்பது முறையல்ல.

விக்டர் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் சமாதானமாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

விஷயம் இதுதான். செல்போன் கோபுரத்தை இயக்கும் மென்பொருள் ஒன்றைப் பிளசி பராமரிக்கிறாள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். பிரேசிலிலிருந்துகூட அனுப்புகிறார்கள். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பது பிளசியின் கையில். பேசிக்கொண்டே பஸ்ஸில் போகிறவரின் அழைப்பை ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு வேகமாக மாற்றும் நிரலை ஃபிராங்க்ளின் அனுப்பினான். "சேர்க்க முடியாது. அழைப்பு அறுந்துபோகிறது" என்று உலகமே பார்க்கும் இடத்தில் எழுதிவிட்டாள் அவள்.

"தாய்மாமன் வூட்டுலருந்து வந்தத எவளாச்சும் திருப்பி அனுப்புவாளா? காதுகுத்துக்கு நான் கொண்டாந்த தோட்ட எடை போட்டுப் பாத்தா வாங்குனீங்க?" என்றார் விக்டர்.

"இது தோடு இல்லீங்க மாமா. தப்பா இருந்தா ஊரு ஊரா லைன் கட்டாவும்."

"என் வூட்டுச் சரக்க வேண்டாங்கற எடத்துக்கு என் சீரும் வராது. சொல்லிட்டேன்."

ரோசம்மாவின் முகம் வெளுத்தது. கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. அடுத்த மாதம் பிளசிக்குக் கல்யாணம். மாமன் மாலை இல்லாமல் பெண் பீடத்தில் ஏறிய வழக்கம் அந்த வகையறாவில் இல்லை. சொன்ன மாத்திரத்தில் விக்டருக்கே அது அதிகமாகப் பட்டது. ஆனால் அவர் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியதில்லை, தக்காளி விற்கும்போது சொல்லும் விலையைத் தவிர.

"பேசிப் பாருங்க மாமா, நீங்களே சொல்லுங்க" என்றாள் பிளசி.

உள்ளறையில் ஒரு தகரப் பெட்டி. அலை வெளியே கசியாதபடி அதற்குள் ஒரு போன், கையகல ரேடியோக்கள் இரண்டு. ரேடியோக்கள்தான் சோதனைக் கோபுரங்கள். பெட்டியிலிருந்து வந்த இயர்போனை மாட்டிக்கொண்டு விக்டர் கதவைச் சாத்தினார். ஃபிராங்க்ளினின் நிரலை ஓடவிட்டு, கூடத்தில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, கோபுரத்தை மாற்றி மாற்றி விட்டாள் பிளசி.

"எங்கப்பன் காலத்துலருந்து எங்க வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்கு…" விக்டர் கம்பீரமாக நிறுத்தினார்.

அழைப்பு அறுந்தது. அது தெரியாமல் அவர் மேலும் நாலு நிமிஷம் குலப்பெருமை பேசிவிட்டு வெளியே வந்தார்.

"கேட்டீங்களா?"

"மதிப்பு வரைக்கும் கேட்டுச்சு மாப்ள" என்று தன்னைவிட மூத்த மச்சானிடமே இன்னாசிராஜ் துடுக்காகச் சொன்னார்.

மறுபடி பேசினார். மறுபடி அறுந்தது. "நீ வேணும்னே அறுக்கற" என்று மருமகளை முறைத்தார். அருள்ராணி இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். நாத்தனார் வீட்டுச் சாம்பாரில் தொடங்கி, தொப்பூர் கணவாயில் கார் மக்கர் செய்த கதை வழியாக, கணவரின் குறட்டை வரை பன்னிரண்டு நிமிஷம். கோபுரம் நாற்பது முறை மாறியது. ஒரு முறைகூட அறுந்துபோகவில்லை.

"பாத்தியா, எம்புரோகிராம் சரியாத்தான் இருக்கு!" என்று துள்ளினான் ஃபிராங்க்ளின்.

விக்டர் மட்டும் யோசித்தார். முப்பது வருஷ இல்லறம் கற்றுத்தந்த ஒரு விஷயம் அவருக்குத் தெரியும்.

"டேய், நீ இத யார பேசவுட்டு சோதிச்ச?"

"அம்மாவத்தாம்பா."

"அதான். உங்கம்மா பேச ஆரம்பிச்சா மூச்சு வுடக்கூட நிறுத்தமாட்டா. நான் நிறுத்தறேன். நிறுத்தற நேரம் பாத்துத்தான் அறுந்துபோவுது."

பிளசி எழுந்தே நின்றுவிட்டாள். நிரலைத் திறந்து பார்த்தாள். கோபுரம் மாறும் நொடியில் சத்தம் இல்லையென்றால் பேச்சு முடிந்துவிட்டதாக அது முடிவுகட்டிக்கொண்டிருந்தது. அறுவது தெரிந்தும், ஒரு வாரமாக ஏன் என்று அவளுக்குப் பிடிபடாத குறை.

"மாமா, குறையக் கண்டுபிடிச்சவங்க பேர எழுதறது எங்க வழக்கம். எப்பவும் அழியாது. உங்க பேரப் போடட்டுங்களா?"

விக்டர் தொண்டையைச் செருமினார். "அ. விக்டர், மாரண்டஹள்ளி. இனிஷியல வுட்டுடாத."

எழுதினாள். அவர் இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, தங்கையிடம் திரும்பினார்.

"என் வூட்டுலருந்து வந்த வார்த்தைய எடுத்துக்கிட்டீங்க. மாலைக்கு ரோஜாவா, சம்பங்கியா, அதச் சொல்லு."

"ரோஜா, அண்ணா" என்றார் ரோசம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

சீருக்குப் பயந்து பிளசி மாமன் மகனின் நிரலைச் சேர்த்துக்கொண்டாள் என்று பென்னாகரத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. சேர்க்கவில்லை.