ஜன்னலோரக் கட்டில்

சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள் காலை ஆம்ப்ரோஸ் டில்மன் எட்டு மணி வகுப்புக்கு வந்தான். தாமதமாக வந்ததற்குப் பேராசிரியர் திட்டினார். 1969 நவம்பரில், மிசிசிப்பியில், கேனான் ஸ்பிரிங்ஸ் என்னும் கறுப்பர் கல்லூரியில் நடந்தது இது. ஊர்வலத்தைக் கலைக்க வந்த போலீஸ் ஆண்கள் விடுதியைப் பார்த்துச் சுட்டபோது, மூன்றாம் மாடியில் ஜன்னலை மூட எழுந்தவன் அவன். சுட்டவர்கள் மேல் வழக்கு வந்தது. வழக்கம்போல் ஒன்றுமில்லாமல் போனது. சவப்பெட்டி பின்வாசல் வழியாகப் போனது. பெருவாயில் வழியே மாணவராக உள்ளே வந்தவர் பட்டம் வாங்கிய பிறகுதான் அதன் வழியே வெளியேற வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் பழைய வழக்கம். ஆம்ப்ரோஸ் சொன்ன சொல் தட்டாத பையன், அதனால் உள்ளேயே தங்கிவிட்டான் என்றார்கள். வேறு காரணம் யாரும் தேடவில்லை.

அந்த வருடக் கோடையில் ரகசியமாக அவனை மணந்திருந்த, கூடப் படித்த வெர்னெல், மகள் ஜெனீவாவைப் பெற்று, பட்டமும் வாங்கி வெளியேறினாள். ஒவ்வொரு அக்டோபரிலும் பழைய மாணவர் திருவிழாவுக்கு வருவாள். பேண்டு முழங்க, ஓக் மரத்தடியில் இருவரும் ஒரே தட்டில் பொரித்த கெளுத்தி மீன் தின்பார்கள். அவளுக்கு வயது ஏறியது. அவன் இருபதிலேயே நின்றான். ஒரு வருடம் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் மீன் தட்டோடு வந்தவளைப் பார்த்து அவன் தொப்பியைக் கழற்றி, "யாரைத் தேடுறீங்க, மேடம்?" என்று கேட்டான். வயதில் மூத்த பெண்களிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று அடித்து வளர்க்கப்பட்டவன், பாவம். வெர்னெல் மீனைத் தொடாமல் திரும்பினாள். அதன்பின் உள்ளே வரவில்லை. 1988இல் ஜெனீவாவை அதே கல்லூரியில் சேர்த்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "படிப்பு கிடக்கட்டும். உங்கப்பனைக் கையோட வெளிய கூட்டிட்டு வா."

சேர்க்கை நாளின் மாலையில் மணி அடித்ததும் பெற்றோர் எல்லாரும் வெளியேற வேண்டும், பெருவாயில் மூடப்படும். அழுகையும் அணைப்புமாக அவர்கள் போனார்கள். ஜெனீவாவின் அப்பன் மட்டும் உள்ளே நின்றான்.

"அப்படியே வெர்னெல் மூஞ்சி," என்று சிரித்து அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "வா, பாப்பா. இன்னைக்கிக் கோழி. பிந்தினா நமக்குக் கழுத்துதான் மிஞ்சும்."

அப்பா என்று யாரையும் கூப்பிட்டு அறியாதவள், நான்கு வருடமும் அலுக்காமல் கூப்பிட்டாள். மூன்றாம் ஆண்டில் அவன் வயதை எட்டினாள், பிறகு தாண்டினாள். "இனிமே நீ எனக்கு அக்கா," என்று அவன் கிண்டல் செய்வான்.

1992 மே மாதம் கல்லூரி அவனுக்கும் சேர்த்துப் பட்டம் கொடுத்தது. வெளியே வெர்னெல் தலைக்குச் சாயம் பூசி, கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நின்றாள். ஜெனீவா அவன் கையைப் பிடித்து நடந்தாள். பெருவாயிலை நெருங்க நெருங்க அவன் வெள்ளைச் சட்டையில் நெஞ்சருகே சிவப்பு படர்ந்தது. கை சில்லிட்டது. "பரவால்ல பாப்பா, நட," என்றான். கண்ணாடி இல்லாமலே வெர்னெலுக்கு அது தெரிந்தது. "விடுடி அவன் கையை! உள்ளயாவது உசுரோட இருக்கட்டும்!" என்று அலறினாள். ஜெனீவா விட்டாள். அதைவிடக் கொடிய காரியம் அவள் வாழ்நாளில் செய்யவில்லை. அவன் நாலடி பின்னால் போனதும் சட்டை பழையபடி வெளுத்தது. வெர்னெல் சாயம் பூசுவதை அன்றோடு நிறுத்தினாள். சில வருடங்களில் போய்ச் சேர்ந்தாள்.

2019இல் ஜெனீவாவின் மகன் மைக்கா, தாத்தாவோடுதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்தக் கோடையிலும் பக்கத்து ஊரில் போலீஸ் ஒரு பையனைச் சுட்டிருந்தது. பயத்தை விழுங்கிக்கொண்டு மகனை அழைத்துப் போனாள். விடுதி வாசலில் ஆம்ப்ரோஸ் அவள் நரைத்த தலையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"பெட்டியை இப்படிக் குடுங்க, மேடம்."

அம்மா அன்று மீனைத் தொடாமல் ஏன் திரும்பினாள் என்று ஜெனீவாவுக்கு அப்போது விளங்கியது. பெட்டியைக் கொடுத்தாள்.

"இவன் உங்க ரூம்தான். ஜன்னலோரக் கட்டில் மட்டும் இவனுக்கு வேணாம், தம்பி."

"அதுல எப்பவும் நான்தான் படுப்பேன், மேடம்."

மணி அடித்தது. மற்றப் பெற்றோரோடு அவளும் வெளியே வந்தாள். பெருவாயிலை மூடினார்கள்.