சிவப்பு முனை

லூபேவின் மடியில் இருந்த பைக்குள் ஒரு பழைய வீடியோ கேமரா, பாலிதீனில் சுற்றிய டேப், மூன்று தலை முளைத்த கேபிள், முந்தாநாள் சந்தையில் வாங்கி ஏமாந்த சின்னக் கறுப்புப் பெட்டி ஆகிய நான்கும் இருந்தன. பஸ் மலையேறிக் குலுங்கும்போதெல்லாம் பையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அவளுக்கு இடம் விட்டுக் கொடுத்த பெண் பின்னால் போய் யார் மடியிலோ உட்கார்ந்து பன்றி இறைச்சி பன் தின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்தில் சலோமே, லூபேவின் நாத்தனார். அவளை யாரும் கூப்பிடவில்லை. லூபே தலைநகர் ஆப்பியாவுக்கு டேப் விஷயமாகப் போகிறாள் என்று காதில் விழுந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். செத்துப்போன தம்பியைப் பற்றிய விஷயம், தான் இல்லாமல் நடக்கலாமா? எழுபத்து நாலு வயதிலும் அவளுக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்க வேண்டும்.

அது கோயில் டேப். தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம், தேவாலயம் கட்டி எழுபத்தைந்து ஆண்டு நிறைந்த விழாவில் ஊர்ப் பாடகர் குழு பாடியதை, ஆக்லாந்திலிருந்து வந்திருந்த சித்தி மகன் படம் பிடித்தான். போகும்போது கேமராவையும் கேபிளையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனான். குழுவில் பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம், நடுவே நடைபாதை. எல்லோரும் வெள்ளை உடுப்பில். பெண்கள் பக்கம் முன்வரிசையில் லூபே, ஆண்கள் பக்கம் இரண்டாவது வரிசையின் ஓரத்தில் அவள் புருஷன் பெனி.

பெனி போய் ஆறு வருஷம் ஆகிறது. முகம் மறக்கவில்லை; சுவர் முழுக்கப் படங்கள் இருக்கும்போது எப்படி மறக்கும்? நழுவிப்போனது குரல்தான். போன வருஷம் வரை காதுக்குள் இருந்தது. இப்போது, 'லூபே, என் செருப்பு எங்கே' என்று அவன் கேட்பதை நினைத்துப் பார்த்தால் வார்த்தை வருகிறது, குரல் வரவில்லை. வருகிற குரல் மகனுடையதாக இருக்கிறது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்தவனின் குரல் மறந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

போனில் பேசச் சொன்னால் பெனி தோட்டத்துக்கு ஓடிவிடுவான். கல்யாணங்களில் எடுத்த வீடியோக்களில் எல்லாம் தட்டும் கையுமாகத்தான் இருந்தான், பேசியதாக ஒன்றும் இல்லை. ஆகவே அவன் குரல் உலகத்தில் எங்காவது மிச்சம் இருந்தால் அது இந்த டேப்பில்தான் இருக்க வேண்டும். ஆனால் எத்தனை முறை போட்டுப் பார்த்தும் அதிலே பெண்கள் குரல்தான் கணீரென்று வந்தது. ஆண்கள் குரல் பக்கத்து ஊரில் பாடுவது போல மங்கலாகக் கேட்டது. அந்த மங்கலில் பெனியை எங்கே போய்ப் பிடிப்பது?

சலோமேவுக்கு இது பழைய வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடும்போது டேப்பைப் போட்டால், தம்பி திரையில் தெரிந்ததும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக் காட்டுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பெனியும் கூடவே சிரிப்பான். அவன் பாடுவதே இல்லை, வெறுமே வாயசைக்கிறான் என்று ஊரே பேசிக்கொண்டது. லூபே மட்டும் சிரித்ததில்லை. அவன் சும்மா நிற்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் அவள் இரண்டு பேருக்கும் சேர்த்து உரக்கப் பாடியிருக்கிறாள். உள்ளுக்குள் அவளுக்கு அவன் மேல் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

போன மாதம் பெட்டி மாதிரி இருந்த பழைய டிவி மழைச்சாரலில் நனைந்து உயிரை விட்டது. ஆக்லாந்திலிருந்து மகள் கப்பலில் ஒரு தட்டை டிவி அனுப்பினாள். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கேமராவின் மஞ்சள், வெள்ளை முனைகளைச் சொருக அதில் ஓட்டை இல்லை. பேரன்கள் தலைகீழாக நின்று பார்த்தார்கள். சந்தையில் ஒரு பெண், இது எல்லாத்துக்கும் சேரும் என்று சத்தியம் செய்து விற்ற கறுப்புப் பெட்டியையும் மாட்டிப் பார்த்தார்கள். திரை நீலமாகவே நின்றது. அன்றைக்கு ராத்திரி லூபேவுக்குச் சோறு இறங்கவில்லை.

டிவி ரிப்பேர் செய்யும் அலபாத்தியின் கடை ஆப்பியா சந்தைக்குப் பின்னால், தையல்கடையை ஒட்டினாற்போல இருந்தது. கூரையிலிருந்து கேபிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஐம்பது வயது அலபாத்திக்கு வாடிக்கையாளர்களைத் திட்டுவது பிடிக்கும். தேவையில்லாததை அவர்கள் தலையில் கட்டுவது பிடிக்காது. அதனால்தான் அவன் இன்னும் இந்தப் பொந்திலேயே இருக்கிறான் என்று ஊரில் சொல்வார்கள்.

பையைத் திறந்து கறுப்புப் பெட்டியைக் கையில் எடுத்ததுமே அவன் பெருமூச்சு விட்டான்.

"இதை உங்களுக்கு வித்த புண்ணியவதி யாரு அக்கா?"

சந்தைப் பெண் என்றாள் லூபே.

அவன் பெட்டியின் முதுகில் இருந்த சின்ன அம்புக்குறியைக் காட்டினான். இந்தப் பெட்டி புதுக் கருவியிலிருந்து பழைய டிவிக்குப் படத்தைக் கொண்டு போவது. இவளுக்கு வேண்டியது நேர் எதிர்: பழைய கேமராவிலிருந்து புது டிவிக்கு. இரண்டுக்கும் அதே அளவு, அதே கறுப்பு, அதே ஓட்டைகள். ஆனால் இது ஒருவழிப் பாதை, திருப்பி மாட்டினால் போகாது. வாரத்துக்கு நாலு பேராவது இதை மாற்றி வாங்கிக்கொண்டு வந்து தன் முன்னால் அழுவதாகச் சொன்னான். அடுத்து, டேப் பாகோ பாகோவிலிருந்து வந்ததா, ஆக்லாந்திலிருந்து வந்ததா என்று கேட்டான்.

ஆக்லாந்து கேமரா, ஆக்லாந்து டேப் என்றாள் லூபே.

"தப்பிச்சீங்க. பாகோ பாகோன்னா அமெரிக்காக்காரன் ஊரு, டிவிக்கும் அமெரிக்கக் கணக்கு. படம் கறுப்பு வெள்ளையா உருண்டுக்கிட்டே ஓடும், வேற பெட்டி தேடணும்."

சலோமே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றுமில்லை, என் தம்பி ஊமைப் பாட்டுப் பாடினவன், அதைக் கேட்க ஒரு பெட்டி வேறயா என்று அலபாத்தியிடம் ஆரம்பித்தாள்.  

லூபே அந்தப் பழைய கேபிளையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது தரச் சொன்னாள். அலபாத்தி சட்டென்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கேமராவுக்குள் போகும் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தன. பார்த்தால் எல்லாக் கேபிளும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் எந்த வளையத்துக்கு நடுவே படம், எதற்கு நடுவே சத்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேமராவோடு கூடப் பிறந்த கேபிளைத் தூர எறிகிறவன் முட்டாள் என்றான். சொல்லிவிட்டு மூன்று தலைகளையும் விரித்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மஞ்சள் முனை தேய்ந்திருந்தது. வெள்ளையும் தேய்ந்திருந்தது. மூன்றாவது முனை கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் விரல் தடிமனுக்குச் சுற்றப்பட்டிருந்தது.

"இதை யாரு சுத்தினது?"

பெனிதான் என்றாள் லூபே. பழைய டிவியில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. மஞ்சளையும் வெள்ளையையும் சொருகிய பிறகு சிவப்பு சும்மா தொங்கியது. கோயிலுக்கு வயரிங் செய்தபோது எடுபிடியாகப் போன பெனி, சிவப்பு வயரைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டவன். வீட்டுக்குள் வரும் மின்சாரத்தில் கடிக்கிற வயர் சிவப்புத்தான் என்பது அன்றைக்கு அவன் கற்ற பாடம். பிள்ளைகள் கை வைத்துவிடப் போகிறார்கள் என்று அன்றே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டான். ஒவ்வொரு வருஷமும் மேலே ஒரு சுற்றுப் போடுவான்.

அலபாத்திக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். முனையில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிளேடால் மெல்லக் கீறினான். உள்ளே சிவப்பு முனை பளபளவென்று, கடையில் வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தது.

"அக்கா, படம் பிடிச்ச அன்னிக்கு மைக் எத்தனை வெச்சாங்க?"

லூபே யோசித்தாள். சித்தி மகன் இரண்டு கோல் நட்டு வைத்தது நினைவுக்கு வந்தது. பெண்கள் பக்கம் ஒன்று, ஆண்கள் பக்கம் ஒன்று.

"வெள்ளையில வர்றது இடது காது. சிவப்புல வர்றது வலது காது. இத்தனை வருஷமா நீங்க பொம்பளைங்க மைக்கை மட்டுந்தான் கேட்டிருக்கீங்க. ஆம்பளைங்க மொத்தப் பேரையும் உங்க வீட்டுக்காரர் டேப் போட்டுச் சுத்தி வெச்சிருக்காரு."

 சலோமே விசிறுவதை நிறுத்திவிட்டாள்.

அலபாத்தி சரியான பெட்டியை எடுத்தான். ஒரு பக்கம் மூன்று முனைகளையும் சொருகி, மறுபக்கத்தைக் கடை டிவிக்குக் கொடுத்தான். பெட்டிக்கும் தனியாக மின்சாரம் வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் என்று முணுமுணுத்தபடி அதற்கு ஒரு சின்ன வயரும் கொடுத்தான். கேமரா முனகிக்கொண்டு டேப்பை இழுத்தது. நீலத் திரை ஒருமுறை நடுங்கி, கோயில் தெரிந்தது.

முதல் அடி பாடியதுமே லூபேவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே பாட்டுத்தான், ஆனால் அடியில் தரை முளைத்தது மாதிரி ஆண்கள் குரல் எழுந்து வந்தது. இது இவ்வளவு பெரிய பாட்டா? இத்தனை வருஷமும் பாதிக் கோயிலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளா? சலோமே, மேலே போன அண்ணன்மார், மாமன்மார் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையை நீட்ட ஆரம்பித்தாள்.

லூபே அலபாத்தியைப் பார்த்தாள். ஆண்களை மட்டும் கேட்க முடியுமா என்று கேட்டாள். அவன் வெள்ளை முனையைப் பிடுங்கினான். பெண்கள் எட்டிப் போனார்கள். ஆண்கள் கிட்டே வந்தார்கள்.

மைக்குக்குப் பக்கத்திலேயே பெனியின் வரிசை. அவனுக்கு அடுத்து நின்ற விலியாமுவின் கனத்த குரல் கடையையே அதிரவைத்தது. அதற்கும் அடுத்தவன் மூக்கால் பாடுவது கூடத் தெளிவாகக் கேட்டது. லூபே திரைக்குக் கிட்டப் போய் நின்று, பெனியின் வாயையே பார்த்தாள். வாய் திறந்தது, மூடியது. அந்த வாய்க்கு உரிய குரல் எதுவும் இல்லை. இரண்டாவது அடியிலும் இல்லை. ஒவ்வொரு குரலாகக் கழித்துப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள், மிச்சம் ஒன்றும் இல்லை. அவன் பாடவில்லை.

சலோமே சொன்னது சரிதான். ஊர் சொன்னது சரிதான்.  குரல் இல்லை, இருந்த ஒரே டேப்பிலும் இல்லை, இனி எங்கேயும் இல்லை. கேலி செய்ய இதைவிட நல்ல நேரம் சலோமேவுக்குக் கிடைக்காது. ஆனால் அவள் மீன் வாய் காட்டவில்லை. எழுந்து வந்து லூபேவின் தோளில் கை வைத்தாள்.

"விடுடி. நிறுத்தச் சொல்லு."

அலபாத்தி கேமராப் பக்கம் கையைக் கொண்டு போனான். பாட்டில் அப்போது பெண்கள் தனியாகப் பாடும் சரணம் வந்திருந்தது. முன்வரிசையிலிருந்து லூபே ஒருத்தி எடுத்துப் பாட, ஆண்கள் வாயை மூடி ஓங்காரமாக முனக வேண்டும். விலியாமு முனகவில்லை, எருமை மாதிரி இரைந்துகொண்டிருந்தான். திரையில் பெனி லேசாகச் சாய்ந்து அவன் விலாவில் முழங்கையால் இடித்தான்.

"விலியாமு, கொஞ்சம் மெதுவாடா. லூபே பாடறது எனக்குக் கேக்கல."

கொஞ்சம் கரகரப்பு, வார்த்தையை இழுத்து முடிக்கிற அந்தச் சோம்பல். மகன் குரல் இல்லை. அவன்தான். லூபே வாயைப் பொத்திக்கொண்டாள்.

விலியாமு உதடு அசையாமல் திட்டினான். "நீ பாட வந்தியா, கேக்க வந்தியாடா?"

"கேக்கத்தான் வந்தேன்."

பிறகு விலியாமு அடங்கினான். பெனி வாயைத் திறந்து மூடுவதைக்கூட விட்டுவிட்டு, நடைபாதைக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

சலோமே அழுதாள். சத்தமாகவே அழுதாள், மூக்கைச் சிந்தினாள், தையல்கடைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தம்பி குரலை மறுபடி போடு, பின்னால் ஓட்டு என்று அலபாத்தியை அதட்டினாள். அவன் பொத்தானைத் தேடிக் குனிந்தான்.

"வேணாம் அண்ணி, இருக்கட்டும்," என்றாள் லூபே. "தம்பி, அந்த வெள்ளையை மாட்டு."

அவன் மாட்டினான். பெண்கள் பக்கம் திரும்ப வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு, தொப்பிக்குக் கீழே நெற்றி வியர்க்க, நாற்பது வயது லூபே உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் இந்த டேப்பில் லூபே புருஷனையே தேடிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக, கண்ணை மூடிக்கொண்டு, தான் பாடியதைக் கேட்டாள்.