உரிமத்துக்கு இரண்டு பக்கம்

புத்தகம் முப்பத்திரண்டு பக்கம். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் இரண்டு பாரம். அதற்கு மேல் ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு பாரம் ஓட்ட வேண்டும். அச்சக உரிமையாளரும் பதிப்பாளருமான கிரிதரன் அண்ணன் ஓட்ட மாட்டார்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஒரு விளையாட்டின் விதிப் புத்தகம் அது. விதிகள் ஓர் அமெரிக்கக் கம்பெனியுடையவை. யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சிடலாம் என்று ஓர் உரிமம் எழுதி இணையத்தில் விட்டிருந்தார்கள். அச்சகத்தில் கணினி வேலை பார்க்கும் நான் தமிழாக்கினேன். கடைசி இரண்டு பக்கம் மட்டும் என்னுடையது. மதுரை கோச்சடைப் பக்கம் வைகை மணலில் ஊற்றுத் தோண்டப் போய்க் காணாமல் போனவர்களைத் தேடும் ஆட்டம். இயற்பியல் படித்து முடித்த பிறகு நான் சொந்தமாக யோசித்து எழுதியது அது ஒன்றுதான்.

ஆனால் உரிமத்தின் வாசகம் முழுவதையும், ஒரு சொல் மாறாமல், அதே புத்தகத்தில் அச்சிட வேண்டும் என்பது நிபந்தனை. எழுத்தை எவ்வளவு சிறிதாக்கியும் இரண்டு பக்கம் வந்தது. முப்பத்திரண்டு பக்கமும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

“தமிழ்ல நாலு வரியாச் சுருக்கிப் போடு கனகா,” என்றார் அண்ணன்.

“மாத்தக் கூடாதுண்ணே.”

“தொறந்த வீடுன்னு நீதான சொன்ன? இப்ப வாசல்ல நிப்பாட்டிப் பத்திரம் வாசிக்கிற.”

“பத்திரத்தைப் போட்டாத்தாண்ணே உள்ள விடுவாங்க.”

“அமெரிக்காக்காரன் மாட்டுத்தாவணில எறங்கி, ஷேர் ஆட்டோ புடிச்சு வந்து பாக்கப் போறானாக்கும்!”

மெஷின் ஓட்டும் தங்கப்பாண்டி சிரித்தார். உரிமத்தை விட்டுவிட்டால் என் இரண்டு பக்கமும் பிழைக்கும். அதுதான் எரிச்சலாக இருந்தது.

“போடலைன்னா நாம எடுத்தது திருட்டுண்ணே. முன்னாடி வாழ்த்துரை ரெண்டு பக்கம் இருக்குல்ல...”

“எங்க மாமனார் வாழ்த்துரையா? போட்டோவோட போட்டிருக்கு. அதத் தூக்கிட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது?”

“இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு?” என்றார் தங்கப்பாண்டி. “கடைசில இருக்கே மணலு, ஊத்துன்னு, அத எடுத்துருங்கம்மா. பிளேட்டுப் போடணும்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கணினி முன் உட்கார்ந்து என் பக்கங்களை எடுத்தேன். அந்த இடத்தில் உரிமத்தைப் போட்டேன்.

அதன்படி இன்னொன்றும் செய்ய வேண்டியிருந்தது. புத்தகத்தில் எது எல்லோருக்கும் பொது, எது பதிப்பாளரின் சொந்தம் என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். விதிகள் எல்லாம் பொது. மீதி என்ன இருக்கிறது என்று தேடினேன்.

‘பதிப்பாளரின் சொந்தப் படைப்பு: வாழ்த்துரை மட்டும்’ என்று தட்டினேன்.

அண்ணன் பின்னால் நின்று படித்தார்.

“அப்பிடிப் போடு,” என்றார். “மாமா சந்தோசப்படுவாரு.”