பக்கப் படிகள்

சனிக்கிழமை பிற்பகல், நான்கு சக்கரங்களும் தரையில் இறங்கிய பிறகு, டெல்மர் மகனுடைய பிக்அப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கடைசி போல்ட்டுகளை முறுக்கினார். வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு, இல்லையென்றால் இணைப்புகளில் உள்ள ரப்பர் கிழிந்துவிடும் என்று மகன் வேடிடம் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் உருண்டு வெளியே வந்து, ஆறிப்போன காபியைக் குடித்தார்.

பழைய ஸ்பிரிங்குகள் கழன்று நீளமானவை ஏறியதில் பிக்அப் ஆறு அங்குலம் உயர்ந்திருந்தது. டெல்மர் கைப்பிடியைப் பிடித்து ஏறிப் பார்த்தார். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. வேடின் மனைவி ஜோலீன் வாங்கி வைத்திருந்த, கதவுக்குக் கீழே மாட்டும் பக்கப் படிகள் பெட்டி பிரிக்காமல் சுவரோரம் கிடந்தன.

"அதையும் மாட்டிடேன்டா. ஒரு மணி நேர வேலைதானே."

உதவிக்கு வந்திருந்த வேடின் நண்பன் டுவேன் பீர் கேனைக் கீழே வைத்தான். "படி வச்சா, பக்கத்துலயே ஊன்றுகோல் மாட்ட ஒரு கொக்கியும் வச்சிடு மச்சான்."

வேட் சிரித்துவிட்டான். அப்புறம் பார்க்கலாம் என்றான். அப்பா ஸ்பேனர்களைத் துடைக்கத் தொடங்கினார்.

திங்கள் காலை, கன்றுகளுக்கு வைக்கோல் போடும்போது டெல்மர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் சாய்ந்தார். ஜோலீன் காரில் வேலைக்குப் போயிருந்தாள். வேட் ஆம்புலன்சைக் கூப்பிட்டான். மொன்டானாவின் அந்தப் பக்கத்தில் அது மலைச்சரிவைச் சுற்றிச் சரளைச் சாலையில் வரவேண்டும். அது வருவதற்குள் அப்பாவைப் பாதி வழி எதிரே கொண்டுபோகலாம் என்று பிக்அப்பை ஓட்டிவந்து கதவைத் திறந்தான்.

அப்பா கனத்த மனிதர். இடுப்பைப் பிடித்துத் தூக்கினான், முதுகால் முட்டுக்கொடுத்தான். அவருடைய பூட்ஸ் கால் வைக்க இடமில்லாமல் வழுக்கி வழுக்கி இறங்கியது.

"கீழ விடுடா," என்றார் டெல்மர். "உன் மேல விழுந்துடப்போறேன்."

ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் வண்டியின் நிழலில் புல்மேல் கிடந்தார். மூச்சு இல்லை. ஆம்புலன்சில் வந்த பெண் தெரிந்தவள். நீயே கொண்டுவந்திருக்கலாமே என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். வண்டி கிளம்பவில்லை என்று வேட் சொல்லிவிட்டான்.

அந்தச் சொல் அவனுக்கு முன்னே ஊருக்குள் போய்விட்டது. அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் ஒருவர், டெல்மருக்கு வயசாகிவிட்டது, அன்றைக்கு வண்டிக்கு அடியில் ஏதோ ஒயரைப் பிடுங்கிவிட்டிருப்பார், பாவம், தன் கையாலேயே தனக்கு முடிவு தேடிக்கொண்டார் என்றார். கேட்டவர்கள் வருத்தமாகத் தலையாட்டினார்கள். டுவேனும் ஆட்டினான்.

வேடுக்குக் காது மடல் சுட்டது. தட்டைப் பார்த்தபடியே எழுந்தான்.

"வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. அப்பா வேலையில ஒரு குறையும் இல்ல. என்னால அவரை மேல ஏத்த முடியல. படி மாட்டச் சொன்னாரு. நீங்கல்லாம் சிரிப்பீங்கன்னு நான் மாட்டல."

டுவேன் சாண்ட்விச்சைக் கையிலேயே வைத்திருந்தான். பக்கத்திலிருந்த காலி நாற்காலி ஒன்றை வேடுக்காக மெல்ல இழுத்து நகர்த்தினான், வேட் உட்காரவில்லை.

வெளியே போனான். வண்டி அங்கே நின்றது. கதவைத் திறந்தான். தரையில் நின்றால் இருக்கை அவன் மார்பளவுக்கு இருந்தது.