வெறுங்கூடுகள்

பதினெட்டா, பத்தொன்பதா... கட்டைவிரல் அழுத்தியது நினைவிருக்கிறது, எதைப் பார்த்து அழுத்தியது என்பதுதான் நினைவில்லை, மனம் எங்கே மேயப் போனாலும் விரல் தன்பாட்டுக்கு இந்த எண்ணும் பொறியை க்ளிக் என்று அமுக்கிவிடுகிறது, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துக் குனிந்து பார்த்தேன், பதினெட்டு. இருபதைத் தாண்டினால் விரிகுடாவை மூட வேண்டும், யாரும் சிப்பி எடுக்கக் கூடாது. போன வாரம் பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அதனால் திறந்திருக்கிறது, அதனால்தான் தம்பி இன்று விடியற்காலையே சிப்பி வளர்க்கிற கயிறுகளைக் கடலிலிருந்து தூக்கப் போயிருப்பான். "உன் பேனாவுலதான்க்கா எங்க பொழப்பு இருக்கு" என்பான். அம்மாவுக்கோ சிரிப்பு, கண்ணுக்கே தெரியாத பூச்சியை எண்ணுறதுக்கு ஒரு சம்பளமா என்று.

பூச்சியில்லை அம்மா, டைனோஃபிளாஜெலேட், ஒரே ஒரு செல், சட்டைக்குப் பதில் கவசம், இடுப்பைச் சுற்றி ஒரு சாட்டை, பின்னால் இழுபடும் இன்னொரு சாட்டை, இரண்டையும் வீசிச் சுழன்று சுழன்று போகும், உயிரோடு பார்த்தால் கண் சொக்கிவிடும். செடியா, வெயிலைத் தின்கிறதே, விலங்கா, நீந்துகிறதே, இதன் உறவில் சிலர் பிறரை விழுங்கிப் பச்சையத்தை மட்டும் திருடி வைத்துக்கொள்வார்கள், சிலர் பவளத்துக்குள் குடியிருந்து வாடகையாகச் சர்க்கரை கொடுப்பார்கள், கடலுக்குச் சோறு போடுகிற கூட்டம். ஒரு அந்தியில் தம்பியும் நானும் துடுப்பால் தண்ணீரைத் தட்டத் தட்ட நீல ஒளி சிதறியதே, அதுவும் இவர்கள் வேலைதான், அன்று அவன் என் கையை விடவேயில்லை. ஆண்டுக்கணக்கில் சேற்றில் உறைக்குள் தூங்கிவிட்டு, தண்ணீர் இதமானதும் எழுந்து பெருகுவார்கள். இந்த இனத்தில் நஞ்சு உண்டு, இதைத் தின்ற சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, வேகவைத்தாலும் நஞ்சு போகாது, அந்தச் சிப்பியைத் தின்ற மனிதனுக்கு முதலில் உதடு மரக்கும், மிஞ்சினால் மூச்சு... எங்கே விட்டேன், கண்ணாடித் தட்டின் கடைசி வரிசை.

இதோ ஒன்று, வெளிறியது, உள்ளே எதுவும் இல்லை. செத்து உதிர்ந்த வெறுங்கூட்டை எண்ணக் கூடாது என்பது விதி, தனியாகக் குறித்துக்கொண்டால் போதும். இன்று இது ஐந்தாவது, இத்தனை பேர் ஒரே நேரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு எங்கே போனார்கள்? அயோடின் பட்டால் நிறைந்த செல் பழுப்பாகும், வெறுங்கூடு வெளிறியே இருக்கும்... அயோடின். தலையைத் தூக்கினேன். ஜன்னலோரத்தில், எண்ணுவதற்கு முன் கடல்நீரில் நான் கலக்கிற அயோடின் புட்டி, தேநீர் நிறத்தில் இருக்க வேண்டியது, வெயிலில் வெளுத்துச் சத்துப் போய்த் தண்ணீர் மாதிரி நிற்கிறது, சில செல்லுக்கு நிறமே பிடித்திருக்காது, அலமாரி இருட்டில் இருக்க வேண்டியதை அங்கே வைத்தவளும் நான்தான், வெளிச்சம் ஊடுருவுவது அழகாக இருக்கிறதென்று. புதுப் புட்டியிலிருந்து கண்ணாடித் தட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். ஒவ்வொன்றாய்ப் பழுப்பேறின, ஐந்தும். இருபத்து மூன்று.

தம்பியைக் கைபேசியில் அழைத்தேன். "என்னக்கா இந்நேரத்துல?" "எடுத்த சிப்பி எங்க இருக்கு?" "எல்லாம் படகுலதான். வீட்டுக்கு மட்டும் ஒரு சட்டி குடுத்தேன், அம்மா அடுப்புல வச்சிருக்காங்க." "யாரும் வாயில வைக்கலையே?" "இல்ல, ஏன்?" "இறக்கிக் கொட்டச் சொல்லு. படகுல இருக்கிறதையும் விக்காத." "போன வாரம் நல்லாருக்குன்னு நீதானக்கா எழுதின?"

பதிவேட்டைப் புரட்டினேன், என் கையெழுத்துதான், பதினேழு, பக்கத்தில் சின்னதாக வெறுங்கூடு ஆறு. கண்ணை மூடிக்கொண்ட பூனை உலகமே இருண்டது என்று நினைக்குமாம், நான் கண்ணைத் திறந்து, நானூறு மடங்கு பெரிதாக்கி அல்லவா பார்த்தேன்? அன்றும் புட்டி வெளுத்துத்தானே இருந்தது, பார்த்த நினைவிருக்கிறது, தம்பியின் படகு தண்ணீரில் இருந்ததும் நினைவிருக்கிறது, எது முதலில் நினைவுக்கு வந்தது என்பதுதான்... ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம், அவன் எடுத்து வந்த சிப்பிதான், அம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டு காரம் கொஞ்சம் தூக்கல், ஒரு மாதிரி மரத்துப்போகுது என்றார், எனக்கும் மரத்தது, ஆமாம்மா, காரம்தான் என்றேன்.