தரையில் கிடந்த பெட்டி

வாகமண் மலையில் ஐந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பியபோது எங்கள் ஊர் குலசேகரம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கியதும் முற்றத்து மண்ணின் சூடு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியது. எனக்கு அதுகூடப் பிடித்திருந்தது. மே மாத வெயிலையே மன்னித்துவிடக்கூடிய மனநிலையில் வந்திருந்தேன்.

என் கணவர் ஜெப்சன் இனி குவைத்துக்குப் போகப்போவதில்லை.

கலியாணம் முடிந்த இரண்டாம் மாதம் போனவர். அதன்பிறகு விடுமுறைக்கு வருவார். சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போவார், பல் வலிக்கு வைத்தியம் பார்ப்பார், ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்றுவார், போய்விடுவார். ஒவ்வொரு தடவையும் நான் “இனி போவண்டாம்” என்பேன். அவர் “பாப்போம்” என்பார். அந்த ‘பாப்போம்’ எங்கள் வீட்டு நடுவில் ஒரு உடைந்த நாற்காலிபோலக் கிடந்தது. அதில் இடித்துக்கொள்ளாமல் நடக்க நாங்கள் இருவரும் பழகியிருந்தோம்.

வாகமண் புல்மேட்டில் ஒரு மாலையில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். மகள் ஜெஸ்பின் சரிவில் உருண்டு உருண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் அப்படிக் கையையும் காலையும் விட்டுப் படுத்து நான் பார்த்ததே இல்லை. வழக்கமான என் வார்த்தையைச் சொன்னேன். மார்த்தாண்டத்தில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்கிற கடை போடலாம் என்றேன், குவைத்தில் செய்கிற அதே வேலைதானே. அவர் மூடுபனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“செரி. போவல்ல.”

“உள்ளதா? சத்தியமா?”

“உள்ளதுதான் ஏட்டி.”

அன்றைக்கே ஜெஸ்பினிடம் சொல்லிவிட்டேன். அவள் ஓடிப்போய் அவர் வயிற்றின்மேல் விழுந்தாள். அவர் அவளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மாமியார் செல்லக்கனி கதவைத் திறந்தார். உள்ளே பழுத்த பலாச்சக்கை வாடை நிறைந்திருந்தது.

“குளிருக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போனிய, குட்டி கறுத்துல்லா வந்திருக்கா? காசு குடுத்து வெயில் காஞ்சியளா?”

ஜெஸ்பின் சிரித்தாள். மாமி என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். கண், கன்னம், உதடு என்று எதையோ தேடினார்.

“நல்லாயிருந்தியா மக்ளே? மனசு தெளிஞ்சாச்சா?”

“தெளிஞ்சாச்சு மாமி. இப்படி ஒருநாளும் சந்தோஷமா இருந்ததில்ல.”

அவர் கண் நிறைந்துவிட்டது. “ஸ்தோத்திரம். நான் இஞ்ச பயந்துல்லா கெடந்தேன்.”

மலைப்பாதை வளைவுகளை நினைத்துப் பயந்திருக்கிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு எங்கள் சபைக் கோயில்வரை போய்விட்டு வந்தார். நாங்கள் பத்திரமாகத் திரும்பியதற்காக இருக்கும் என்று அதற்கும் நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கைகள் தாமாக வேலையில் இறங்கின. சீனி டப்பாவில் எறும்பு. மின்சாரம் இருக்கும்போதே மோட்டார் போட்டுத் தொட்டியை நிறைக்க வேண்டும். மீன்காரரின் ஹாரன் சத்தம் கேட்டதும் சட்டியோடு ஓடினேன்; சாளை கிடைத்தது. துணிகளை எடுத்தபின் காலிப் பெட்டியைப் பரணில் ஏற்றப் போனேன்.

“அத மேல ஏத்தண்டாம். கீழ கெடக்கட்டும்” என்றார் ஜெப்சன்.

“எதுக்கு? பிள்ளைக்க கால்ல இடிக்கும்.”

“நான் பொறவு ஏத்தியேன்.”

அவர் ஓட்டிவந்த களைப்பு. விட்டுவிட்டேன்.

அன்று முழுவதும் அவர் என் வழியிலேயே இருந்தார். அடுக்களை வாசலில் வந்து நின்றார். மீன்சட்டியோடு திரும்பிய நான், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றேன். தேங்காய் துருவித் தரட்டுமா என்று கேட்டார். தேங்காய்த்துருவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் எடுத்து, துருவியும் முடித்தேன். ஹாலுக்குப் போனார். “அப்பா, டிவிய மறைக்கிய” என்றாள் ஜெஸ்பின். பின்னால் ரப்பர் மரங்களுக்கிடையில் போய் நின்றார். துணி அலசிக்கொண்டே பார்த்தேன். பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்கிறவரைப்போல நின்றுகொண்டிருந்தார். போய்க் கூப்பிடலாமா என்று தோன்றியது. கையில் சோப்பு நுரை. இனிமேல் எல்லா நாளும் இங்கேதானே இருக்கப்போகிறார் என்ற நினைப்பு அந்த நுரையைவிட மெத்தென்று இருந்தது. அலசிக்கொண்டே இருந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு.

எங்கள் சபையில் ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமும் உட்காருவோம். என் ஒரு பக்கம் மாமி, மறுபக்கம் ஜெஸ்பின். பிரசங்கத்துக்கு முன்னால் செயலாளர் ஞானசிங், நன்றி சொல்லிச் செலுத்தப்பட்ட ஸ்தோத்திர காணிக்கைகளை வாசித்தார். பிறந்தநாள், கலியாண நாள், புது வீடு. பெயர் வாசிக்கப்பட்டவர்கள் குடும்பத்தோடு முன்னால் போய் முழங்காலில் நிற்பார்கள். போதகர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். கடல் தாண்டிப் போகிறவர்கள் யாரும் அந்த ஜெபம் வாங்காமல் எங்கள் ஊரிலிருந்து விமானம் ஏறுவதில்லை.

“வருகிற வியாழக்கிழமை குவைத் நாட்டுக்குப் பயணமாகும் ஜெப்சன், பெமிலா குடும்பத்தார், பயணத்துக்கான ஸ்தோத்திர காணிக்கை.”

வேறு எந்த ஜெப்சன் என்று யோசித்தேன். பிறகுதான் என் பெயரும் சேர்த்து வாசிக்கப்பட்டது புத்தியில் ஏறியது. யாரோ பழைய தாளைப் பார்த்து வாசித்துவிட்டார்கள் என்று அடுத்து நினைத்தேன். மனது அந்தச் சில நொடிகளில் எத்தனை கதவுகளைத் தட்டுகிறது.

மாமி என் முழங்கையைத் தொட்டார். “போ மக்ளே.”

இடப்பக்கத்தில் ஜெப்சன் எழுந்து நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் அம்மாவைப் பார்த்தார். தீயில் விழுந்த ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பயணம் உண்மை. தவறு, அது வாசிக்கப்பட்டதில் மட்டும்தான்.

நான் நடந்தேன். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணால் நடக்காமல் இருக்க முடியாது. அவர் பக்கத்தில் முழங்காலிட்டேன். ஜெஸ்பின் எங்களுக்கு நடுவில் நுழைந்துகொண்டாள்.

“அம்மா, அப்பா இனி போவமாட்டாருன்னு நீதானே சொன்ன?”

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் கோயில் அமைதியாக இருந்தது.

போதகரின் கை என் தலைமேல் வந்தது. அவர் நல்ல மனிதர். நிறைய யோசித்து ஜெபிப்பவர். பிரிவைப் பொறுமையோடு ஏற்றுக்கொள்ளும் இந்தச் சகோதரியின் மனதுக்காக நன்றி சொன்னார். சபை ஆமென் என்றது. நானும் ஆமென் என்றேன். நான் சொல்ல நினைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த இடத்தில் வாய் அதைத்தான் சொல்லும்.

ஆராதனை முடிந்து செருப்புப் போடும்போது பூங்கனி அக்கா அருகில் வந்தார்.

“போறதுக்கு முன்ன கொண்டு ஊரு காட்டிட்டு வந்துட்டானாக்கும்? கொள்ளாம்டி. எனக்க ஆளு பக்கத்துல கெடக்குற திற்பரப்பு அருவிக்குக்கூடக் கூட்டிட்டுப் போவல்ல.”

சிரித்தேன். சிரிக்கவும் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமி அடுக்களையில் என் முன்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. என்னிடம் எதையும் சொல்லவில்லை என்று கோயிலிலிருந்து வரும் வழியில் மகன் சொல்லியிருப்பார்போலும்.

“நான் என்ன கண்டேன் மக்ளே? டிக்கெட்டு வந்ததும் இவன் மொகத்த தூக்கி வச்சிட்டு நடந்தான். பெமிலாட்ட எப்படிச் சொல்லன்னு கேட்டான். வீட்டுல வச்சு சொன்னா சண்டையாவும், எங்கயாம் நல்ல எடத்துக்குக் கூட்டிட்டுப் போயி பைய சொல்லுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நேத்து நீ சிரிச்சிட்டு வந்தல்லா? மனசு தெளிஞ்சாச்சுன்னு வேற சொன்ன. இந்தப் பிள்ளைக்கு எப்படிப்பட்ட மனசுன்னு நெனச்சு நான் அழுதேன். அழுதுட்டுத்தான் காணிக்கையக் கொண்டு குடுத்தேன்.”

“நீங்க ஒண்ணும் தப்பு செய்யல்ல மாமி.”

“ஒனக்க மொகம் அப்படித் தெளிஞ்சிருந்துச்சு பிள்ளே.”

அது உண்மை. என் முகம் அப்படித்தான் இருந்தது.

மத்தியானம் மின்சாரம் போயிற்று. அறையில் விசிறி நின்றது. ஜெப்சன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டி அவர் காலடியில் கிடந்தது. நான் வாசலிலேயே நின்றேன்.

“சொல்லத்தான் கூட்டிட்டுப் போனேன்.”

“சொன்னியளே. போவல்லன்னு சொன்னிய.”

“அப்பம் அது உள்ளதுதான் பெமி. அந்த எடத்துல வச்சு அது உள்ளதுதான்.”

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பக்கத்து அறையில் ஜெஸ்பின் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள், சாப்பிடவில்லை. குரலைத் தாழ்த்தினேன்.

“இஞ்ச என்ன கொறச்சல்? கடை போட்டா ஓடாதா?”

“கடை ஓடும். எனக்குத்தான்…” அவர் கையைப் பார்த்துக்கொண்டார். “இந்த வீட்டுல நான் எங்க நிக்கணும்னு எனக்கு அறியாது. நீ நேத்து எத்தன மட்டம் தள்ளி நில்லுங்கன்னு சொன்ன, கேட்டியா? கொறையாச் சொல்லல்ல. நீ சொன்னது செரிதான். நான் இல்லாம இந்த வீடு நடந்து பழகியாச்சு. நானும் அங்க ஒரு கட்டிலு, ஒரு அலமாரின்னு பழகியாச்சு. வாகமண்ல நமக்கு யாருக்கும் எடம் அறியாது. மூணுபேரும் ஒண்ணுபோல முழிச்சிட்டு நின்னோம். எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு.”

“பழகிடும்ங்க. கொஞ்சநாள் ஆவும்.”

“பயமாயிருக்கு ஏட்டி.”

இதற்கு முன்னால் அவர் என்னிடம் எதற்கும் பயம் என்று சொன்னதில்லை. மூட்டமாகப் புழுங்கியது அறை. நான் அழுதேன். அவர் எழுந்துவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். அவரும் அழுதார். இப்படியே கொஞ்ச நேரம் இருந்தால் ஒரு வார்த்தை வந்துவிடும் என்று நினைத்தேன். வந்தது. “நீ சொல்லு. போவண்டாம்னா நான் இப்பமே கம்பெனிக்குக் கூப்பிட்டுச் சொல்லியேன்” என்றார்.

சொல்லியிருக்கலாம். அதைத்தான் ஒவ்வொரு விடுமுறையிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் அதைக் கேட்டபோது அவர் உடம்பு முழுவதும் இறுகியதை என் நெற்றி உணர்ந்தது. புல்மேட்டில் கையையும் காலையும் விட்டுக் கிடந்தவர் யார் என்று அப்போது புரிந்தது. டிக்கெட் கையில் இருந்த மனிதர் அவர். போகிற இடம் ஒன்று இருந்ததால்தான் அந்த ஐந்து நாளும் அவரால் அப்படிப் படுக்க முடிந்தது. நான் நேசித்துத் திரும்பிவந்த அந்த மனிதரை இங்கே நிறுத்திவைத்தால், ரப்பர் மரங்களுக்கிடையில் நின்றாரே, அவர்தான் மிஞ்சுவார்.

“மின்சாரம் வந்தாச்சான்னு பாருங்க” என்றேன். அவர் என்னை விட்டார்.

அதன்பிறகு வீடு பயணத்துக்கான வழக்கத்துக்குத் திரும்பியது. மாமி ஏத்தன் வாழைக்காய் வாங்கிச் சீவி உப்பேரி வறுத்தார். எண்ணெயை விட்டு ஒருதடவைகூட நிமிரவில்லை. நான் மீன் ஊறுகாய் போட்டு, கசியாதபடி இரண்டு உறை போட்டுக் கட்டினேன். ஜெஸ்பின் அவரோடு பேசாமல் இருந்தாள், பிறகு பேசினாள். குழந்தைகளால் ரொம்ப நாள் அப்படி இருக்க முடிவதில்லை. பெட்டியின் ஓரப் பையில் வாகமணில் பொறுக்கிய பைன் காய் ஒன்று கிடந்தது. அங்கே இறுக மூடியிருந்தது. எங்கள் ஊர் சூட்டில் செதில் செதிலாக விரிந்து விதைகளை உதிர்த்திருந்தது. அதை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம், விமானத்தில் விடுகிற எடைக்குள் இருக்கிறதா என்று பெட்டியை நிறுக்க வேண்டியிருந்தது. ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசு கொட்டகையின் உத்தரத்தில் தொங்குகிறது. ஷீட்டின் புகை வாடைக்குள் எப்போதும் அப்படித்தான் நிறுப்போம். அவர் பெட்டியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். நான் எதிரில் நின்று முள்ளைப் பார்த்தேன். இந்த ஒரு வேலையில் எங்கள் இருவருக்கும் இடம் தெரியும். அவர் எங்கே பிடிக்க வேண்டும், நான் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி மெல்ல ஆடி நின்றது.

“கூடிப்போச்சா?” என்று கேட்டார்.

முள் கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

“இல்ல. இன்னும் கொஞ்சம் வைக்கலாம்” என்றேன்.